நாக்கைப் பறிகொடுத்த கப்பல் மணி

"மணி இருக்கு, அண்ணை. நாக்கைத்தான் ஆரோ கழற்றிக்கொண்டு போயிட்டாங்கள்," என்றார் வின்சென்ற் இராசரத்தினத்திடம், நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல்.

1994. நியூசிலாந்தின் மவுண்ட் ரோஸ்கில் தமிழ்க் கிறிஸ்தவ சபைக்கு, பாய்மரக் காலத்துப் போர்க்கப்பலான 'கான்ஸ்டன்ஷியா'வின் வெண்கல மணி அன்பளிப்பாக வந்திருந்தது. ஞாயிறன்று விழா. கப்பலின் வரலாற்றை எழுதியவர் சபைச் செயலாளரான வின்சென்றேதான். சபையாருக்குக் கொடுத்த தாள் சொன்னது இவ்வளவுதான்: பம்பாயில் தேக்கில் கட்டினார்கள், பர்மாப் போருக்குப் போனது, பிறகு நியூசிலாந்துக் கரையில் அமைதியை நிலைநாட்டியது.

யாழ்ப்பாணத்தில் பொலிஸ் இன்ஸ்பெக்டராக இருந்த இராசரத்தினம் தாளை மெதுவாக மடித்தார். அவரோடு இருந்த மதுரைக்காரர் தண்டபாணிக்குப் பகலில் கம்ப்யூட்டர் வேலை, துப்பறிவதென்றால் உயிர்.

"வெண்கலத்துக்கு ஆசைப்பட்டவன்னா மணியையே தூக்கியிருப்பான் சார்!"

"ஓம். இது அடிக்கக் கூடாதெண்டு நினைச்ச ஆள்."

சபை மண்டபத்துப் பூட்டு உடைபடவில்லை. சாவி இரண்டு: ஒன்று வின்சென்ற் வீட்டில், மற்றது பாடகர் குழுத் தலைவர் சற்குணத்திடம். "அந்த மணிச் சத்தம் காதைக் கிழிக்கும்," என்றார் சற்குணம். தண்டபாணிக்கு அதுவே போதுமாக இருந்தது.

வின்சென்றின் மனைவி புஷ்பமலர் தங்கள் வீட்டில் தேநீர் கொடுத்தபோது முணுமுணுத்தார்: "ஷெல்லடிச்ச கப்பலின்ர மணிக்கு இவ்வளவு பாடு."

இராசரத்தினம் குடிக்காமலே கோப்பையை வைத்தார்.

மறுநாள் வின்சென்ற், புஷ்பமலர், சற்குணம் மூவரையும் சபை மண்டபத்துக்கு அழைத்தார்.

"சற்குணத்துக்குச் சத்தம்தான் பிடிக்கேல்லை, கப்பலோட கோபமில்லை. ஆனா தாளில இல்லாத ஒரு சொல்லை நேற்றுக் கேட்டன். வின்சென்ற், இந்தக் கப்பல் ஷெல்லடிச்சதோ?"

"இந்த மண்ணின்ர பூர்வீகச் சனம் மாவோரியின்ர ஒரு கிராமத்துக்கு அடிச்சது. அந்த வரியை வெட்டிப்போட்டன். பெரிய ஆக்கள் வருகினம், அண்ணை."

"வெட்ட முந்தி டைப் பண்ணினது ஆர்?"

புஷ்பமலர் கைப்பையிலிருந்து இரும்பு நாக்கை எடுத்து மேசையில் வைத்தார்.

"மன்னார்க் கரையில எங்கட மகன் ஷெல்டன் செத்ததும் கடலில இருந்து வந்த ஷெல்லாலதான். அதுக்கும் அமைதியெண்டுதான் ரேடியோ சொன்னது. பெத்த தகப்பன் அதே சொல்லை எழுதுறார்." நாக்கை வின்சென்ற் பக்கம் தள்ளினார். "வெட்டின வரியைப் போட்டிட்டு அடியுங்கோ."

"போடுறன்," என்றார் வின்சென்ற், தரையைப் பார்த்தபடி.

சற்குணத்தைச் சந்தேகித்த தண்டபாணிக்கு நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஞாயிறன்று வின்சென்ற் வரலாற்றை வாசித்தார். அந்த வரி வரவில்லை. மணி அடித்தது, விருந்தினர் எழுந்து கைதட்டினார்கள். புஷ்பமலரும் எழுந்தார், யாரையும் பார்க்காமல் நடுவழியே நடந்து வெளியே போனார்.

"நாம கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் சார்," என்றார் தண்டபாணி.

மேடையில் வின்சென்ற் ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்.