அப்படியே இருக்கிறது

வாலுவின் ஆடிக்கொண்டிருந்த முன்பல் திடீரென்று ஆடுவதை நிறுத்திவிட்டது.

"இங்க பாரும்மா, கெட்டியாயிடுச்சு" என்று வாயைப் பிளந்து காட்டினாள். அம்மா விரல் வைத்து அசைத்துப் பார்த்தாள். நேற்றுவரை விழவா வேண்டாமா என்று தொங்கிய பல், ஆணி அடித்த மாதிரி நின்றது. பல் விழுந்ததும் அந்த ஓட்டை வழியாக விசிலடிக்கப் போவதாக வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள் அந்த ஏழு வயதுக்காரி. பள்ளியில் வேறு பெயர், வீட்டில் வாலுதான். ஒரு இடத்தில் உட்கார்ந்தால்தானே.

அம்மா தையல்காரி. அப்பா லாரியோடு போனால் திரும்பப் பல நாள் ஆகும். தையல் மெஷின் போட்டிருந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு மதில், அதற்கு அந்தப் பக்கம் மறைந்த ஒரு எழுத்தாளரின் வீடும் தோட்டமும், இப்போது நினைவில்லம். எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடிய மனிதர். அவர் கடைசியாகக் கழற்றி வைத்த கண்ணாடி, பாதி குடித்த கோப்பை, தோட்டத்து நாற்காலி என்று எல்லாவற்றையும் கயிறு கட்டிப் பாதுகாத்தார்கள். வழிகாட்டியின் குரல் பகல் முழுக்க மதில் தாண்டி வரும்: "அவர் விட்டுப்போன மாதிரியே எல்லாம் அப்படியே இருக்கிறது. தயவுசெய்து யாரும் தொடாதீர்கள்." வாலு அதே குரலில் பொம்மைகளிடம் சொல்லி அம்மாவைச் சிரிக்க வைப்பாள்.

பல்லுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. அந்தத் தோட்டத்திலிருந்து மதிலுக்கு இந்தப் பக்கம் விழுந்ததென்று வாலு எடுத்துவந்து டம்ளரில் வைத்த வெள்ளை ரோஜா இன்னும் வாடவில்லை. மூடிவைக்க மறந்த பால் கெடவில்லை. அவள் முழங்காலில் இருந்த சிராய்ப்பு பொருக்குத் தட்டாமல், விழுந்த அன்றைக்குப் போலவே ஈரச் சிவப்பாக இருந்தது. அம்மா ரோஜாவை மதிலுக்கு அந்தப் பக்கமே வீசியெறிந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அது டம்ளரில் இருந்தது. டம்ளருக்கு முன்னால், ஜன்னலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, ஒரு கயிறு.

"நீ கட்டினியா?"

"இல்லம்மா. அந்த மாமா கட்டினாங்க."

"எந்த மாமா?"

"தொடாதீங்கன்னு சொல்வாங்களே, அவங்க."

அன்று அந்த வீட்டுக்கு விடுமுறை. கேட் பூட்டியிருந்ததை அம்மாவே பார்த்திருந்தாள்.

"கிளம்பு, பெரியம்மா வீட்டுக்குப் போறோம்" என்றாள். வாலு உடனே பஸ்ஸில் ஜன்னல் சீட்டு தனக்குத்தான் என்று குதித்தாள். அந்தக் குதியைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பாதி உயிர் திரும்பியது. கலைந்த தலையோடு எப்படிக் கூட்டிப்போவது என்று கண்ணாடி முன் உட்காரவைத்து, பின்னத் தொடங்கினாள். வாலு நெளிந்தாள், திரும்பினாள், சீப்பைப் பிடுங்கினாள். தினமும் சொல்வதுதான். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"ஆடாம அப்படியே இரு."

வாலு ஆடவில்லை.

தெருவின் சத்தம் நின்றது. மின்விசிறியின் கிறீச்சும் நின்றது. விரல்களுக்கிடையே முடி கம்பியாக விறைத்தது.

"வாலு?" என்று கூப்பிடப் பார்த்தாள் அம்மா.

உதடு அசையவில்லை. வாலுவின் உதடு அல்ல. அம்மாவுடையது.

கூடத்தில் செருப்புச் சத்தம். ஒரு ஜோடி. பிறகு பல. ஈரமண் வாசனை. வியர்வை. முதுகுக்குப் பின்னால் கயிறு கட்டும் ஓசை.

"உயிரோட இருக்கற மாதிரியே இருக்கு, இல்ல?" என்று ஒரு பெண் வியந்தாள்.

"எல்லாம் அப்படியே இருக்கிறது" என்றது அந்தக் குரல், அம்மாவின் காதருகே. "தயவுசெய்து யாரும் தொடாதீர்கள்."

கண்ணாடியில் வாலுவின் கண்கள் மட்டும் மெல்ல நகர்ந்து அம்மாவைத் தேடின. அவற்றிலிருந்து இறங்கிய கண்ணீர் பாதிக் கன்னத்தில் நின்றது.