பின்னாடி வண்டி

பஸ் ஓட்டுகிறவனுக்குப் பயணியாக உட்காரத் தெரியாது. வளைவு வந்தால் கால் தானாகத் தரையை அழுத்தும். முன்னால் ஒரு லாரி ஆடி அசைந்து போனால், ஓட்டுகிறவனை விட இவனுக்குத்தான் பொறுமை போகும். ஜன்னலோரம் பயணியாக உட்கார்ந்திருந்த டிரைவர் மூன்றாவது முறையாக இல்லாத பிரேக்கை மிதித்தபோது, பக்கத்தில் இருந்த மகள் சிரித்துவிட்டாள்.

“அப்பா, இன்னைக்கு லீவு. காலுக்கும் சேர்த்துத்தான்.”

அவரும் சிரித்தார். மனைவி இறந்து போன இந்த ஒரு வருஷத்தில் அவர் சிரிப்பது அபூர்வம். அதனால்தான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மகள், அவருடைய வார லீவு அன்றே தானும் லீவு போட்டு அவரை இழுத்து வந்திருந்தாள். காலண்டர் தாளின் பின்பக்கம் அம்மா பார்க்க ஆசைப்பட்டு எழுதி வைத்திருந்த மூன்று சின்ன ஊர்கள். மூன்றும் அவருடைய ரூட்டில்தான் இருந்தன. இருபத்தாறு வருஷம் அவற்றின் வழியாக ஓட்டியும், ஒரு நாள்கூட அவளை இறக்கிக் காட்டியதில்லை. “ஊரையெல்லாம் ஏத்தி இறக்குறீங்க, பொண்டாட்டிய மட்டும் ஏத்த மாட்டேங்கிறீங்க” என்று அவள் குத்திக் காட்டுவாள். அதற்கும் சிரித்து மழுப்பிவிடுவார்.

முதல் ஊரில் கண்ணாடிக் கடைத் தெரு. விற்பனைக்கு வைத்த நிலைக்கண்ணாடிகள் சுவரெங்கும் சாய்ந்து நின்றன. பட்டப்பகல், ஆனால் தெருவில் ஈ காக்கை இல்லை. மகள் போட்டோ எடுக்க எதிர்ப்பக்கம் போனாள். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்க பஸ் டிரைவருங்களா?”

“ஆமா. எப்படித் தெரியும்?”

“முந்தின வண்டியில ஒரு அம்மா வந்தாங்க. வீட்டுக்காரர் டிரைவரு, பின்னாடி வண்டியில வர்றாருன்னு சொன்னாங்க. பாவம், என்னமா வேர்த்துக் கொட்டுது! ஈரக் கைக்குட்டையத் தலையில போட்டுக்கிட்டு வெயில்லயே நின்னாங்க. உள்ள வந்து உக்காருங்கன்னேன். கேக்கல.”

அவர் தெருவை இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

“இப்ப எங்க?”

“அடுத்த ஊருக்குப் போயிட்டாங்களே.”

பின்னாடி வண்டி. அது அவர் அவளுக்குக் காட்டிய சேதி என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி செத்துப் போனாள்.

அவள் செத்த அன்று அவருக்கு மதியத்தோடு டியூட்டி முடிகிற நாள். வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தில் அவள் அவருடைய வண்டியில் ஏறுவது, கடைசி ஊரில் இறங்கி மாலை வரை இரண்டு பேரும் சுற்றுவது என்று பேச்சு. ஆனால் வண்டி பன்னிரண்டு நிமிஷம் தாமதம். படி வரைக்கும் ஆள். நிறுத்தத்தில் நாற்பது பேர் நின்றார்கள். நடுவில் அவள், புதுச் செருப்போடு. நிறுத்தினால் அத்தனை பேரும் ஏறுவார்கள். எல்லா டிரைவரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கட்டை விரலால் பின்பக்கம் காட்டிவிட்டு, வேகத்தைக் கூட்டினார். பின்னாடி வண்டி காலியாக வருகிறது, அதில் ஏறு.

பின்னாடி வண்டி டிப்போவிலேயே பழுதாகிக் கிடந்தது. அது அவருக்குத் தெரியாது. மற்றவர்கள் அலுத்துக் கலைந்து போக, அவள் மட்டும் அந்த வெயிலில் இரண்டு மணி நேரம் நகராமல் நின்றாள். அவர் சொன்னாரே, அதனால் நின்றாள். வெயில் தாக்கி விழுந்து உயிர் போனபோது தலையில் நனைத்துப் போட்ட கைக்குட்டை இருந்ததாம்.

அப்போது அவர் கடைசி ஊரின் ஓய்வறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

“நான் அவளப் பாக்கவே இல்லம்மா” என்று மகளிடம் சொல்லியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து ஒரு வருஷம் ஆகிறது. மிஞ்சியிருப்பது இந்த ஒரு பிள்ளை. உண்மை தெரிந்தால் இதுவும் தன் முகத்தில் விழிக்காது என்ற பயம் அவருக்கு.

இரண்டாவது ஊரில் ஒற்றை அறை அருங்காட்சியகம். உள்ளே பழைய மரத்தின் புழுக்க வாடை. காவலாளி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து ஜன்னல் வரைக்கும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

“பாத்து வாங்க, வழுக்கும். இப்பத்தான் ஒரு அம்மா வந்துட்டுப் போனாங்க. தலையிலேர்ந்து சொட்டுது. எதையும் சுத்திப் பாக்கல. ஜன்னல்கிட்ட நின்னு ரோட்டையே பாத்தாங்க. பின்னாடி வண்டியில அவர் வந்துடுவாருன்னு அதையே சொல்லிட்டிருந்தாங்க.”

மகள் திரும்பிப் பார்த்தாள்.

“யாருப்பா அது? ஏன் உங்க மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?”

“ஒண்ணுமில்ல.”

“வீட்டுக்குப் போயிடலாமா?”

அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் தலையை ஆட்டி மறுத்தார். முன்னால் போனவளை அதற்கு மேல் நிற்க வைக்க அவருக்கு மனசில்லை.

கடைசி ஊரில் இறங்கும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. சுற்றிப் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லாத ஊர். பூட்டிய தபால் நிலையம், ஒரு பாலம், நிறுத்தத்தின் கூரை நிழலில் நீளமான சிமெண்ட் பெஞ்சு. கேட்பதற்கு ஒரு ஆள் கிடையாது.

காற்று நின்றிருந்தது.

எங்கேயோ தண்ணீர் சொட்டியது. குழாய் எதுவும் கண்ணில் படவில்லை.

அவர் பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்தார். மகளும் அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

“கண்ணு,” என்றார், “அன்னைக்கு நான் உங்கம்மாவப் பாத்தேன்.”

பிறகு நிறுத்த முடியவில்லை. தாமதம், கூட்டம், புதுச் செருப்பு, கட்டை விரல் எல்லாம் சொன்னார். சொல்லி முடித்து, அடி வாங்கக் காத்திருப்பவரைப் போலக் குனிந்துகொண்டார்.

மகள் ரோட்டைப் பார்த்தாள்.

“ரெண்டு மணி நேரம்ப்பா,” என்றாள். “ரெண்டு மணி நேரம் நின்னுருக்கா.”

எழுந்து போய்ப் பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவர் அவளை நோக்கிக் கையை நீட்டினார். எட்டவில்லை. கை நடுவில், சிமெண்டின் மேல் விழுந்தது.

அந்த இடம் சுட்டது.

பெஞ்சு முழுக்கக் குளிர்ந்து கிடந்தது. மகள் உட்காராத அந்த நடு இடத்தில் மட்டும், ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு, யாரோ வெகுநேரம் உட்கார்ந்து எழுந்த சூடு. ஓரத்தில் ஈரம்.

அவர் கையை எடுக்கவில்லை. பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இல்லாத வண்டி. டிக்கெட்டும் கதவும் டிரைவர் பொறுப்பு. மகள் அவரைப் பார்க்காமலே ஏறினாள். அவர் ஒரு காலைப் படியில் வைத்தார், இன்னொரு காலைத் தரையில் ஊன்றினார், அப்படியே நின்றுவிட்டார்.

“ஏறுங்க பெரியவரே,” என்றான் அந்த இளவட்ட டிரைவர். “ஏற்கெனவே லேட்டு.”

“ஒரு நிமிஷம் தம்பி.”

“பின்னாடி வேற வண்டி கிடையாது. இதான் கடைசி.”

“தெரியும். அதனாலதான்.”

அவர் காலியான பெஞ்சைப் பார்த்தார்.

“வா,” என்று மெல்லச் சொன்னார். “இந்தத் தடவ நிறுத்தி வச்சிருக்கேன். மெதுவா வா.”

உள்ளே இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தான். அவர் நகரவில்லை. சீட்டிலிருந்து மகள் எழுந்து வந்தாள். சிவந்த கண்ணோடு அப்பாவை ஒரு கணம் பார்த்தாள்; பிறகு அவர் விழுந்துவிடாமல் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது, ஆனால் பிடி இறுக்கமாக இருந்தது.

ஒரு பக்கம் வண்டி லேசாக அழுந்தியது. படியில் ஒரு ஆள் கால் வைத்தால் எவ்வளவு அழுந்தும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மகள் முன்னால் உள்ளே நகர, அவர் மேலே ஏறினார். டிரைவர் படிப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். கியருக்குப் போன கையைத் தயங்கி இழுத்துக்கொண்டான்.

“பெரியவரே,” என்றான் கொஞ்சம் எரிச்சலோடு, “உங்க பின்னாடி நிக்கிற அம்மாவ உள்ள தள்ளி வரச் சொல்லுங்க. கதவ மூடணும்.”