சும்மா இருக்கும் தேர்வு

"இப்ப யாரும் உங்களைப் பார்க்கலை. அதை நல்லா ஞாபகம் வெச்சுக்கிட்டு விளையாடுங்க. மூணு நிமிஷம் கழிச்சு எல்லாரும் ஆச்சரியப்படணும்!" என்று அருமைநாதன் மாஸ்டர் உரக்கச் சொன்னதும், மணல்தொட்டிகளின் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் விளையாடத் தொடங்கினார்கள். செவ்வாய்க் கிரகத்தில் இன்னும் பொழுது விடியவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மற்ற அம்மாக்களோடு பொற்கொடியும் நின்றாள். உயிர்வளி ஆலையில் இரவு ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்கு ஓடி, மகளை எழுப்பி, இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். கால் இரண்டும் கெஞ்சின. உள்ளே அவள் மகள் நறுமுகை உடைந்த கடிகாரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி புருவத்தை உயர்த்திக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் நினைவுமணி பதிக்க ஆரம்பித்த பிறகு, கேள்வி கேட்டு மார்க் போடுவதில் அர்த்தமில்லாமல் போய்விட்டது. எதைக் கேட்டாலும் மணி சொல்லிவிடும். அதனால் கல்வித்துறை யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தது. நினைவுமணியை அணைத்துவிட்டு, பிள்ளையை ஓர் அறையில் ஒரு மணி நேரம் சும்மா விட வேண்டும். பிள்ளை செய்வது அதன் சொந்த ஆசையா, பார்ப்பவர்களுக்காகவா என்று உளமானி என்ற கருவி கணக்கிடும். சும்மா இருப்பதே சுகம் என்று சொன்ன புண்ணியவான்கள், அதற்கு நுழைவுத்தேர்வு வரும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

தேர்வு வந்தால் டியூஷன் வராதா? வந்தது.

பெருங்குவிமாடத்தின் விளிம்பில் இருந்த புறநகர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பாதி இடம் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளுக்கு. மறுபாதி இந்தத் தேர்வில் தேறியவர்களுக்கு. பொற்கொடியின் வீடு அந்த வட்டாரத்து எல்லைக் கதவுக்கு ஒரு தெரு அந்தப் பக்கம்; அதனால் முதல் பாதியில் இடமில்லை. தேறாவிட்டால் நறுமுகைக்கு மிச்சமிருப்பது துருவப் பனிச்சுரங்கத்தின் விடுதிப் பள்ளிதான். அங்கே போன பிள்ளைகள் வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும். வந்தாலும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டுப் போகும்.

"நறுமுகை அம்மா, பொண்ணுக்குக் கை நல்லா ஓடுது. ஆர்வம்தான் கொஞ்சம் லேட்டா வருது. சாயங்கால பேட்ச்லயும் போட்டுடுங்க" என்றார் மாஸ்டர்.

"அது இப்பவே நின்னுக்கிட்டே தூங்குது சார்."

"சீட் கிடைச்சப்புறம் ஆசை தீரத் தூங்கட்டும்மா."

சாயங்கால பேட்சிலும் போட்டாள். என்ன செய்வது, ஊரோடு ஒத்து வாழ வேண்டியிருக்கிறதே.

தேர்வு நாளன்று பெற்றோர்களைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். நறுமுகை அறைக்குள் நுழைந்தாள். மணல் இருந்தது, களிமண் இருந்தது, உடைந்த கடிகாரமும் இருந்தது. எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள். அப்புறம் கடிகாரத்தை ஓரமாகத் தள்ளினாள். மேலங்கியைக் கழற்றிச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டாள். படுத்தவள்தான், வாய் திறந்து தூங்கிப்போனாள்.

"அடி பாவி மகளே!" என்று பொற்கொடி எழுந்தே விட்டாள். பக்கத்திலிருந்த அம்மா ஒருத்தி உச்சுக்கொட்டினாள். அந்த உச்சுக்கொட்டலில் இருந்த திருப்தி பொற்கொடிக்கு நன்றாகவே கேட்டது. கோபம் சீக்கிரம் வற்றிவிட்டது; அழுகைதான் மிஞ்சியது. பனிச்சுரங்கத்துக்குப் போகும் வண்டியில் ஏறி, திரும்பிப் பார்க்கும் மகளின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

தேர்வு முடிந்து மணி அடித்ததும் தலைமையாசிரியை எஸ்தர் ராணி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த அம்மாளும் பல ராத்திரி தூங்காதவர் போலத்தான் இருந்தார்.

"உங்க பொண்ணுதான் முதல் மார்க்."

"என்ன மேடம் சொல்றீங்க? தூங்கிட்டாளே!"

"வந்த பிள்ளைங்க எல்லாம் எங்களுக்காக விளையாடுச்சுங்கம்மா. உளமானில ஒண்ணுக்கும் முள் அசையல. இவ ஒருத்திதான் தனக்கு வேணும்கிறதைச் செஞ்சா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா இது நிரந்தர சீட் இல்ல. தேர்வுல தேறி வந்தவங்களுக்கு அரையாண்டுக்கு ஒருமுறை மறுதேர்வு உண்டு."

பொற்கொடி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகள் தன்னோடு இருப்பாள். அரையாண்டுக்காவது இருப்பாள்.

மறுவாரமே அருமைநாதன் மாஸ்டரின் வாசலில் புதிய பலகை தொங்கியது. நறுமுகையின் படம், கண்மூடிய கோலத்தில். கீழே, 'இயல்பாகத் தூங்குவது எப்படி? முதலிடம் தந்த ஒரே பயிற்சி மையம்!' பொற்கொடி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று உச்சுக்கொட்டிய அம்மா உள்ளே வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அங்கே எல்லாரும் படித்துத் தேறிவிட்டால், மறுதேர்வில் நறுமுகையின் கதி என்ன?

திங்கட்கிழமை பொற்கொடி ஆலையிலிருந்து வந்தபோது நறுமுகை அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஓர் அமைதி. எழுப்ப மனசே வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து, தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எழுந்திரு கண்ணு, எழுந்திரு. தூக்க கிளாசுக்கு நேரமாச்சு."