பதினேழாம் நம்பர் ஆடு

"குட்டி போட இன்னும் பதினஞ்சு நாள் கெடக்கு புள்ள. அதுக்குள்ள எந்த ஆடு கனைக்கப் போவுது?"

"நான் காதாரக் கேட்டேங்க. கடைசித் தடுப்புலருந்து."

"அங்க ஒரு ஆடும் இல்ல. பினாயில் வாடையில உனக்குத்தான் மண்ட கிறுகிறுக்குது." அமலியின் புருஷன் சிலுவைராஜ் சிரித்தபடி மட்டக்குதிரையை அவிழ்த்தான். "வில்பட்டியில வைக்கோல ஏத்திட்டு வெரசா வந்துர்றேன். சுண்ணாம்ப அடிச்சு முடி. ஆடு என்ன பேசுச்சுன்னு வந்து கேட்டுக்கிறேன்."

குளம்புச் சத்தம் யூகலிப்டஸ் மரங்களுக்கு அப்பால் தேய்ந்து போனது. மணி மூன்றுதான். ஆனாலும் பள்ளத்திலிருந்து ஏறிய பனிமூட்டம் கொட்டகைக் கதவை மறைத்து, ஈர ரோமமும் சுண்ணாம்பும் கலந்த வாடையை உள்ளேயே அடைத்துவிட்டது. வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் பதினாலு வருஷமாகியும் செம்மறிப் பண்ணையில் வழக்கம் மாறவில்லை. மாசியில் குட்டி விழுமென்றால் தையிலேயே கொட்டகையைக் கழுவி வெள்ளையடித்து, தாய்க்கு ஒரு தடுப்பாக மூங்கில் தட்டி கட்டிவிட வேண்டும். சினையாடுகளெல்லாம் மேட்டுப் பட்டியில் நின்றன. இங்கே இருந்தது அமலியும், கதவோரம் பிரம்புக் கூடையில் தூங்கிய அவளுடைய ஐந்து மாதக் குழந்தையும்தான்.

மறுபடியும் கேட்டது.

பசிக்கிற ஆடு வாயைத் திறந்து கத்தும். இது அந்தக் கத்தல் இல்லை. ஈன்ற தாய், ஈரம் காயாத தன் குட்டியிடம் மட்டும், வாய் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே உருட்டுகிற கனைப்பு.

அமலி சுவரை ஏறிட்டுப் பார்த்தாள். உப்புத் தடவி ஆணியடித்த தோல் ஒன்று அங்கே விறைத்துக் கிடந்தது. காதுப்பக்கம் தகர வில்லையில் 17.

போன மாசியில் அந்த ஆட்டுக்குக் குட்டி செத்துப் பிறந்தது. அப்படி ஆனால் செத்த குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத வேறொரு குட்டிக்குச் சட்டைபோல மாட்டிவிடுவார்கள். தாய் மோந்து பார்த்து, தன் பிள்ளைதான் என்று மடி கொடுக்கும். மூன்று நாள் தோல் இருந்தால் போதும், உறவு ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் நாளே கழற்றச் சொன்னது அமலிதான். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். தோல் கெட்டுப்போவதற்குள் பதம் பண்ணி, பிறக்கப்போகிற பிள்ளைக்கு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். ஆடு அந்தக் குட்டியை முட்டித் தள்ளியது. இரை எடுக்காமல் கொட்டகை கொட்டகையாகத் தேடியது. எட்டாம் நாள் செத்தது. சிலுவைராஜ் அதையும் உரித்தான்.

அந்தக் குட்டித் தோலில்தான் இப்போது குழந்தை சுருண்டு கிடந்தது.

வெள்ளையடிக்கிற மட்டையைச் சுண்ணாம்பு வாளியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

தரையில் சிந்திய சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அதன்மேல் குளம்புத் தடம். கடைசித் தடுப்பிலிருந்து கூடைக்கு. கூடையிலிருந்து மறுபடி கடைசித் தடுப்புக்கு. வெள்ளையில் சிவப்பாக.

கூடை காலி.

கைவைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது. ஈரம். நாக்கு நக்கிய ஈரம்.

கனைப்பு நிற்கவில்லை. அதோடு இன்னொரு சத்தம். சின்னச் சத்தம். அவளுக்கு மட்டும் தெரிந்த சத்தம். பால் குடிக்கும்போது குழந்தை மூக்கால் விடுகிற மூச்சு.

சுவரிலிருந்த தோலை ஆணியோடு பிய்த்து எடுத்தாள். விரல் கிழிந்தது. நடந்தாள். ஒவ்வொரு தட்டியாக. பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

கடைசித் தடுப்பு.

அது நின்றுகொண்டிருந்தது. மேலே தோல் இல்லை. பச்சைச் சதையிலிருந்து ஆவி பறந்தது. இமையில்லாத கண். மடியின் கீழே, குட்டித் தோலுக்குள், அவள் பிள்ளை. சின்னக் கைகள் அந்தச் சிவப்பைப் பற்றியிருந்தன. குழந்தை அழவில்லை.

அது தலையைத் திருப்பி அமலியை மோந்து பார்த்தது.

அவள் அதன் முன்னால் மண்டியிட்டாள். விறைத்த தோலை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இந்தா, உன் தோலு... எம்பிள்ளையக் குடுத்துரு தாயீ."