சாம்பல்குழிக்கு முதல் வெளிச்சம்

காலையில் எழுந்ததும் சவுந்தரத்துக்கு முதல் வேலை, ஓட்டியைக் கூட்டிக்கொண்டு சண்டைக்குப் போவது.

சந்திரனில் சாம்பல்குழி என்று ஒரு குடியிருப்பு. ஊதி நிறுத்திய இரண்டு காற்றுக்கூடுகள். ஒன்று மேலைக்கூடு, இன்னொன்று கீழைக்கூடு. பனிச்சுரங்கத்துத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் இரண்டு குழாய்களில் வரும், கூட்டுக்கொன்று. தண்ணீர் தாராளமாகவே வந்தது. சண்டை போடக் காரணமே கிடையாது. ஆனாலும் சவுந்தரம் கேனைக் குழாய்க்கு அடியில் வைத்ததும் இடுப்பில் கை வைப்பாள். எதிர்க்குழாயில் கீழைக்கூட்டுக் குணசீலன் தன் ஓட்டியோடு தயாராக நிற்பான். அவன் பிறப்பில் தொடங்கி அவள் சமைக்கும் குழம்பு வரைக்கும் பேச்சு போய்த் திரும்பும். இரண்டு ஓட்டிகளும் பக்கத்தில் நின்று வாய் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அவற்றின் நெஞ்சில் பதித்த சுபாவப்பலகை ஒவ்வொரு வசவுக்கும் ஒருதரம் சிவந்து அடங்கும்.

நேற்றுத் திட்டியதையே இன்றும் திட்டினால் பலகை சிவக்காது. புதிதாக யோசிக்க வேண்டும். இந்த வேலையில் மனுசன் களைத்துப்போகிற இடம் அதுதான்.

ஓட்டி என்றால் மின்பந்தய வண்டி ஓட்டும் இயந்திரம். வண்டியில் ஒரே ஓர் இருக்கை. பெட்ரோல் கிடையாது, சத்தம் கிடையாது. பேட்டரியில் இருக்கும் சார்ஜை யார் பார்த்துப் பார்த்துச் செலவழித்துக் கோட்டைத் தாண்டுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. முதலில் மனிதர்கள்தான் ஓட்டினார்கள். பிறகு இயந்திரங்களை உட்காரவைத்தார்கள். தொழிற்சாலையில் இருந்து வந்த ஓட்டிகளுக்கெல்லாம் ஒரே புத்தி. கிளம்பிய வரிசையிலேயே கடைசிவரை எறும்பு மாதிரி ஊர்ந்து போய்ச் சேர்ந்தன. ஒன்று இன்னொன்றை முந்த வேண்டிய அவசியம் என்ன என்று அவற்றுக்குப் புரியவில்லை. பூமியில் பார்த்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கான ஜனம் தூங்கிப்போனது.

அதனால் பந்தய சபை ஒரு சட்டம் போட்டது. ஒவ்வோர் ஓட்டியும் பந்தயத்துக்கு முன்னால் ஒரு வருசம் ஏதாவது ஒரு வீட்டில் வளர வேண்டும். வீட்டாரைப் பார்த்து அதற்கென்று ஒரு சுபாவம் வரவேண்டும். அமைதியான வீட்டில் வளர்ந்த ஓட்டிகள் பின்னால் வந்தன. அடிதடி வீட்டில் வளர்ந்தவை முந்தின. சூட்சுமம் எல்லா ஊருக்கும் தெரிந்துபோயிற்று. கோப்பை வாங்கிய அணிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் வாய் ஓயாத ஒரு வீடு இருந்தது.

போன வருசக் கோப்பை சாம்பல்குழிக்கு வந்தது சவுந்தரத்தின் வாயால்தான். அவள் வளர்த்த ஓட்டிக்குப் பெயர் ஆணி.

கோப்பை என்பது பேச்சுக்கு. பரிசு உண்மையில் வெளிச்சம். சந்திரனில் ஓர் இரவு, பூமிக் கணக்கில் இரண்டு வாரம். அந்த இருட்டில் வரும் குளிரைச் சொல்லி முடியாது. மேலே ஒரு பெரிய ஒளித்தட்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கேயோ அடிக்கும் வெயிலைப் பிடித்து, ஜெயித்த ஊரின் மேல் அது சாய்க்கும். ஒரு வருசத்து இரவெல்லாம் அந்த ஊருக்கு இளவெயில். தோற்ற ஊர்கள் பேட்டரிச் சூட்டை அளந்து அளந்து கொளுத்திக்கொள்ள வேண்டும்.

சவுந்தரத்தின் புருசன் ஏசையா சுரங்கத்தில் கிடந்து நுரையீரலில் தூசி ஏற்றிக்கொண்டவன். அந்த வெளிச்சம் கிடைப்பதற்கு முந்திய குளிரில் பாதி ஆளாகிவிட்டான். போன வருசம் வெளிச்சம் விழுந்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தான். இன்னொரு வருசம் குளிர் அடித்தால் தாங்க மாட்டான் என்று வைத்தியர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார். ஏசையாவிடமும் தனியாகச் சொல்லியிருந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நடமாடினார்கள்.

இதில் ஒரு கோளாறு வந்தது. தட்டு விரிந்து திரும்பும்போது, ஜெயித்த ஓட்டி வளர்ந்த கூட்டின் மேல்தான் வெளிச்சம் முதலில் விழும். பிறகு நகர்ந்து அடுத்த கூட்டுக்கும் பரவும். நடுவில் ஆகும் நேரத்தில் ஒரு டீ போட்டுக் குடிக்கலாம், அவ்வளவுதான். போன வருசம் அந்த டீ நேரம் முழுக்கக் கீழைக்கூட்டு ஜனம் இருட்டில் நின்று மேலைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த எரிச்சல் ஒரு வருசம் ஆகியும் ஆறவில்லை. இத்தனைக்கும் இவர்கள் எல்லாரும் ஒரே கப்பலில் ஒரே மேஸ்திரிக்குக் கீழே குழி தோண்ட வந்தவர்கள். ஒரே பானையில் சோறு தின்றவர்கள். கூடுகளைக் கட்டி முடித்த அன்றைக்கு எந்தக் கூட்டில் முதலில் காற்றைத் திறந்தார்கள் என்பதில் பிடித்தது, இன்றுவரை விடவில்லை.

இந்த வருசம் ஓர் அணிக்கு இரண்டு வண்டி என்று சபை சொல்லிவிட்டது. கீழைக்கூடு உடனே தனக்கொரு ஓட்டி கேட்டு வாங்கியது. குணசீலன் வளர்த்தான். அரம் என்று பெயர் வைத்தான். ஆணியைத் தேய்க்க வந்தது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

இரண்டும் வெறிகொண்டு ஓடின. மற்ற ஊர் ஓட்டிகள் அந்த வருசத்துப் பந்தயங்களில் பாதியிலேயே கண்ணுக்குத் தெரியாமல் பின்தங்கின. கடைசிப் பந்தயத்துக்கு வந்தபோது கணக்கு எளிதாக இருந்தது. ஆணியோ அரமோ, எது முதலில் கோட்டைத் தாண்டினாலும் வெளிச்சம் சாம்பல்குழிக்கு. இரண்டும் கோட்டைவிட்டால்தான் கடைசிப் பந்தயத்துக்கு மிஞ்சிய மூன்றாவது வண்டியின் ஊரான வெண்மேட்டுக்குப் போகும். வெண்மேட்டில் ஆளே குறைவு. ஓட்டி வளர்க்க வீடு அகப்படாமல் அதை விதைக் கிடங்கில் ஒரு வருசம் நிறுத்திவைத்திருந்தார்கள். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர அது எதையும் கேட்டு வளரவில்லை. பெயர்கூட வைக்கவில்லை, எட்டாம் நம்பர் என்று கூப்பிட்டார்கள்.

அணித்தலைவர் பக்கிரிசாமி மட்டும் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும் என்று பயந்தார். அவர் எந்தக் கூட்டையும் சேராமல் நடுவில் இருந்த பட்டறையிலேயே குடியிருந்தார். அதனால் இரண்டு கூடும் அவரைத் திட்டும்.

அவர் பயந்த மாதிரியே ஆயிற்று. கடைசிச் சுற்றில் ஆணி முன்னால், அரம் பின்னால், எட்டாம் நம்பர் எங்கேயோ தூரத்தில். ஆணி இடமும் வலமும் மறித்து மறித்தே சார்ஜைக் கரைத்திருந்தது. அரத்திடம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பக்கிரிசாமி திரையைப் பார்த்துவிட்டு சவுந்தரத்தையும் குணசீலனையும் கூப்பிட்டார். ஆணி ஒதுங்கி வழிவிட்டால் அரம் முதலாவதாகப் போய்விடும், ஆணி உருண்டு பின்னால் சேர்ந்துகொள்ளும். இல்லையென்றால் அரம் முட்டுவதை நிறுத்தி ஆணியை முன்னால் விட வேண்டும். இப்படியே மோதினால் இரண்டும் கோட்டுக்கு இந்தப் பக்கமே செத்துப்போகும். வளர்த்தவர் குரலுக்குத்தான் ஓட்டி கட்டுப்படும், யாராவது ஒருத்தர் சொல்லுங்கள் என்றார்.

குணசீலன் கையைக் கட்டிக்கொண்டான். முன்னால் போகிறவன் ஒதுங்கட்டும், பின்னால் வருகிறவன் எதற்காக நிறுத்த வேண்டும் என்று கேட்டான்.

சவுந்தரம் ஒரு நிமிடம் திரையைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிடத்தில் அவள் கண்ணில் வண்டி தெரியவில்லை, ஏசையாவின் நெஞ்செலும்புதான் தெரிந்தது. ஒலிவாங்கியைப் பிடித்து இழுத்தாள்.

"ஆணி, கண்ணு. அக்கா பேசுறேன். கொஞ்சம் ஒதுங்கிக்கப்பா. அவன் போகட்டும்."

அந்தப் பக்கம் இருந்து ஆணியின் குரல் வந்தது.

"நீ யாரு?"

"அக்காடா. சவுந்தரம்."

"எங்க அக்கா கண்ணுன்னு கூப்பிடாது. குழைஞ்சு பேசுறவன் பின்னால கத்தி வச்சிருப்பான்னு எங்க அக்காதான் சொல்லிக்குடுத்துச்சு. கீழைக்கூட்டான் எவனோ எங்க அக்கா குரல்ல பேசுறான். போனை வை."

குணசீலன் வாய்விட்டுச் சிரித்தான். பக்கிரிசாமி தலையில் அடித்துக்கொண்டார். வழக்கமாக எப்படிப் பேசுவாயோ அப்படிப் பேசித் தொலையம்மா, அப்போதுதான் அது உன்னை நம்பும் என்று கெஞ்சினார். சவுந்தரத்துக்கு அது வராதா என்ன. அடிவயிற்றில் இருந்து எடுத்தாள். ஆணியைச் செய்த தொழிற்சாலையை, அதற்கு இரும்பு வெட்டிய சுரங்கத்தை, அது உட்கார்ந்திருக்கும் இருக்கையை, ஒன்றையும் விடவில்லை. வழியை விடுடா நாசமாப்போறவனே என்று கொண்டுவந்து முடித்தாள்.

ஆணியின் பலகை சிவந்தது திரையிலேயே தெரிந்தது.

"இப்பத்தான் நீ பேசுற அக்கா," என்றது சந்தோசமாக. "கொஞ்சம் முன்னால யாரோ உன் குரல்ல பேசி என்னைய ஒதுங்கச் சொன்னான். நான் விடுவேனா? நீ திட்டத் திட்டத்தான் எனக்குத் தெம்பு. இன்னும் திட்டு."

அவள் திட்டத் திட்ட அது மறித்தது. அது மறிக்க மறிக்க அரம் முட்டியது. கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இரண்டு வண்டியும் சக்கரத்தோடு சக்கரம் சிக்கி நின்றன. அரம் பின்னால் எடுத்து விலகியிருக்கலாம், அதற்கு அப்போதும் சார்ஜ் இருந்தது. எடுத்தால் ஆணி ஒரு முழம் முன்னால் இருந்ததாக ஆகிவிடுமே என்று இருந்த சார்ஜையும் முட்டியே தீர்த்தது.

எட்டாம் நம்பர் வெகுநேரம் கழித்து வந்தது. வந்த வேகத்தில் ஓர் ஆள் கூடவே நடந்து வந்திருக்கலாம். சிக்கிக் கிடந்த இரண்டையும் பார்த்து ஓரமாக வண்டியை ஒடித்து, பிரேக் பிடிப்பதில் திரும்பி வரும் சொற்ப சார்ஜையும் சேமித்து, கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

"அரம் போகலக்கா," என்றது ஆணி. அதோடு அதன் விளக்கு அணைந்தது.

வெளிச்சம் வெண்மேட்டுக்குப் போயிற்று. சாம்பல்குழியில் யாரும் அழவில்லை. கீழைக்கூட்டார் மேலைக்கூட்டுக்குப் போகவில்லை என்று விசில் அடித்தார்கள். மேலைக்கூட்டார் கீழைக்கூட்டுக்குப் போகவில்லை என்று டிரம் தட்டினார்கள். சவுந்தரம் மட்டும் ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இருட்டு ஆரம்பிக்கும் அன்றைக்கு வெண்மேட்டில் இருந்து செய்தி வந்தது. எங்களுக்கு இவ்வளவு வெளிச்சம் வேண்டாம், ஆளும் குறைவு, செடிகளும் நிலத்துக்கு அடியில் இருக்கின்றன, ஒவ்வோர் இரவிலும் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தட்டை இயக்கும் இயந்திரத்துக்கு ஒரே ஒரு விவரம் போதும்: எந்தக் கூட்டில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்?

பட்டறையில் கூட்டம் கூடியது. சவுந்தரம் வரும்போதே முடிவோடு வந்தாள். கீழைக்கூட்டுக்கே முதலில் விழட்டும், ஒரு டீ நேரம்தானே என்று எழுந்து சொல்லிவிட வேண்டும். அவள் எழுவதற்குள் குணசீலன் எழுந்தான். போன வருசம் அவர்கள் வாங்கிவிட்டார்கள், இந்த முறை எங்களுக்கு என்றான். நியாயம்தான். ஆனால் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தே ஒரு வார்த்தை சேர்த்தான்.

"கெஞ்சிப் பழகுனவங்களுக்கு விட்டுக்குடுக்கக் கஷ்டமா இருக்காது. கண்ணுன்னு ஒருதரம் கூப்பிடச் சொல்லுங்க, நாங்களே குடுத்துர்றோம்."

கீழைக்கூட்டுப் பக்கம் சிரிப்பு. சவுந்தரம் எழாமல் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் பேச்சு எங்கெங்கோ போயிற்று. சீட்டுக் குலுக்கலாம் என்றார்கள், யார் குலுக்குவது என்று நின்றது. பக்கிரிசாமி நடுவில் பட்டறையின் மேல் ஆரம்பிக்கச் சொல்லிவிடலாம், இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் பரவும் என்றார். நீ இத்தனை வருசமாக நடுவில் குடியிருந்தது இதற்குத்தானா என்று இரண்டு கூடும் ஒன்றுசேர்ந்து அவர் மேல் பாய்ந்தன. வெண்மேட்டுக்காரர்கள் மறுபடி கேட்டார்கள். மறுபடியும் கேட்டார்கள். கடைசியில் யாரோ ஒருவர், அடுத்தவன் போட்ட பிச்சை வெளிச்சம் நமக்கெதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றார். சாம்பல்குழி கட்டிய நாளில் இருந்து இரண்டு கூடும் ஒருமனதாகக் கைதூக்கிய தீர்மானம் அது ஒன்றுதான்.

முதலில் சவுந்தரம் தூக்கவில்லை. குணசீலன் கையைத் தூக்கிக்கொண்டு, அவள் தூக்குகிறாளா என்று கழுத்தை வளைத்துப் பார்த்தான். அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள். தூக்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது கூடு முழுக்கச் சூட்டுக்கம்பிகளைப் பாதிக்கு இறக்கியிருந்தார்கள். ஏசையா முழித்துக்கொண்டு படுத்திருந்தான். வாயில் இருந்து ஆவி வந்தது. இருக்கிற போர்வை எல்லாவற்றையும் எடுத்து அவன் மேல் போட்டாள்.

"முதல் வெளிச்சம் யாருக்காம்?" என்று அவனே கேட்டான்.

"நமக்கு இல்ல."

"குணசீலன் பக்கம்?"

"அவனுக்கும் இல்ல."

இருமல் வந்துவிட்டது. அது அடங்குகிற வரைக்கும் அவள் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடினான்.

"அப்ப சரி," என்றான்.