பதினெட்டாவது ஆள்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மருந்துக்கடைக்காரரின் மனைவி சர்வேயர் அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினார். முதல் நாள் உடுத்தியதை அவர் இன்னும் மாற்றவில்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார், தண்ணீர் கொடுத்ததும் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சர்வேயர் அக்கா முப்பது வருடம் நிலம் அளந்துவிட்டு ஓய்வு பெற்றவர். எந்த எல்லைக்கல் எப்போது நகர்ந்தது என்று கண்டுபிடித்துப் பழகிய கண். ஊரில் யாருக்காவது ஏதாவது காணாமல் போனால் போலீசுக்குப் போகிற வழியில் அக்கா வீட்டுக்கும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போவார்கள். உதவிக்கு அவருடைய தம்பி. பஸ் கண்டக்டர். லீவு நாளில் அக்கா வீட்டில்தான் இருப்பார். கேட்டால் அக்காவுக்குத் துணை என்பார். உண்மையில் வழக்குக்குத்தான் காத்திருப்பார்.

அந்த அம்மாள் சொன்னது இதுதான். ஆற்றோரமாகவும் பழைய கட்டடங்கள் வழியாகவும் ஞாயிறு காலையில் ஆட்களை நடத்திக் கூட்டிப்போகிற வழிகாட்டி ஒருவர் இருக்கிறார். அந்த நடைக்கு முதல் முறையாகப் போன கணவர் வீடு திரும்பவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. வழிகாட்டியோ, நடை முடிந்த கோட்டை வாசலில் தலையை எண்ணினேன், பதினெட்டுப் பேரும் இருந்தார்கள் என்று சத்தியம் செய்கிறார். அதனால் போலீஸ் கோட்டை வாசலைச் சுற்றியே தேடுகிறது. பஸ் நிலையம், லாட்ஜ், சந்தை ஒன்றும் பாக்கியில்லை.

"நடையை முடிச்சுட்டு எங்கேயோ கிளம்பிப் போயிட்டாருன்னு இன்ஸ்பெக்டர் சொல்றாரு. வீட்டுல ஏதாவது சண்டையான்னு கேக்குறாரு. பக்கத்து வீட்டுல இப்பவே பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க. டாக்டர் சீட்டுல எழுதினதை விட்டு ஒரு மாத்திரை கூடக் குறையக் கொடுக்க மாட்டாரு. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனாரு."

கண்டக்டர் தம்பிக்கு இன்ஸ்பெக்டர் சொன்னதே சரியாகப் பட்டது. அதைச் சொல்ல வாயெடுத்தார். அக்கா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். நடைக்காரர்களுக்குக் கொடுத்த தாளின் படம் அந்த அம்மாளின் போனில் இருந்தது. அக்கா அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். மணிக்கூண்டு, பழைய தானியக் கிடங்கு, ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டு. அடியில், வெள்ளம் வந்த வருடங்களைச் செதுக்கிய கல். அதை நின்று படிக்கவும். பிறகு ஆற்றங்கரைப் பாதை. மரப்பாலத்தில் ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் பாழடைந்த மாவு ஆலை, அதன் தண்ணீர்ச் சக்கரம் இருந்த குழி. கல்பாலம் வழியாகத் திரும்பிக் கோட்டை வாசல். கீழே தடித்த எழுத்தில் இன்னொரு வரி: 'வழி தவறினால் இருந்த இடத்திலேயே இருங்கள். கடைசியாக வருபவர் கண்டிப்பாக உங்களிடம் வந்து சேருவார்.'

"கிளம்புடா," என்றார் அக்கா.

கோட்டை வாசல் என்பது இப்போது ஒரு கல் வளைவு மட்டும்தான். அதன் கீழே வழிகாட்டி நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதுக்காரி, ராத்திரி தூங்காத முகம். அக்கா கேட்கக் கேட்க ஒளிக்காமல் சொன்னார். ஞாயிறு காலை நல்ல தூறல். எல்லாரும் மழைக்கோட்டும் தலைமூடியுமாக இருந்தார்கள். முன்னால் அவர் நடப்பார். கூட்டத்துக்குப் பின்னால் அவருடைய கணவர் வருவார். அவருக்கு நடைக்காரர்கள் வைத்த பேர் 'வால்'. ரோடு வேலைக்காரர்கள் போடுகிற மஞ்சள் ஜாக்கெட்டை மழைக்கோட்டுக்கு மேலேயே போட்டிருப்பார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்க முடியாது.

"மரப்பாலத்துக்கு வந்தா தண்ணி பலகையைத் தொடுது, பாலத்து வாசலுக்குக் குறுக்கே சங்கிலி வேற தொங்குது. அதனால பாலத்துல ஏறாம எல்லாரையும் இந்தக் கரையிலேயே படகுக் கொட்டகைச் சந்து வழியா இங்கே கூட்டிட்டு வந்துட்டேன். வந்ததும் எண்ணினேன். பதினெட்டு. எண்ணாம நான் யாரையும் வீட்டுக்கு அனுப்பினதே இல்லைங்க, பத்து வருஷமா."

நகராட்சி அனுமதியை ரத்து செய்யப் போவதாகக் காலையிலேயே சொல்லிவிட்டார்களாம். கூடவே வந்திருந்த மருந்துக்கடைக்காரரின் மனைவி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சற்றுத் தள்ளி ஒரு சிமெண்டு பெஞ்சில் வழிகாட்டியின் கணவர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். ஊரில் பாதிப் பேர் அவருடைய விசிலுக்கு ஓடியவர்கள், கண்டக்டர் தம்பி உட்பட. தம்பியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. ஒரு கை வலது முழங்காலிலேயே இருந்தது.

நேற்று விசேஷமாக எதையாவது பார்த்தாரா என்று அக்கா கேட்டார். ஒன்றுமில்லை என்றார். வழக்கம்போலத்தானே நடந்தது என்று அக்கா மறுபடியும் கேட்டார்.

"வழக்கம்போலத்தாம்மா. மரப்பாலத்துல ஒவ்வொருத்தரா அனுப்பி வச்சுட்டு, கடைசி ஆளா நான் தாண்டினேன். யாரும் விடுபடலை. எண்ணிக்கை சரின்னு என் சம்சாரமே சொன்னாளே."

அக்கா தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். நாலடி தள்ளி வந்ததும் தம்பி அவருடைய கையைப் பிடித்தார். "அக்கா, அந்தம்மா பாலத்துல ஏறவே இல்லைங்குது. இவர் தாண்டினேங்கிறாரு. வாத்தியார் ஏதோ பண்ணிட்டாரு. மருந்துக்கடைக்காரருக்கும் இவருக்கும் பழைய பகை இருக்கும். நான் சொல்றேன் பாரு."

"பகையெல்லாம் இருக்கட்டும். உன் பஸ்ஸுல நாற்பது பேருன்னு சொன்னா, அதுல நீ உண்டா?"

"அது எப்படிக்கா? டிக்கெட் எடுத்தவங்கதான் கணக்கு. நானும் டிரைவரும் கணக்குல வர மாட்டோம்."

"யூனிபார்ம் போடாம நீ சீட்டுல உட்கார்ந்திருந்தா? செக்கிங் பண்ண வர்றவர் எண்ணினா?"

தம்பி சிரித்தார். "என்னையும் சேர்த்து நாற்பத்தொண்ணுன்னு எழுதுவாரு." அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. ஆனால் அவருக்கு இன்னும் முழுசாக விளங்கவில்லை. அக்கா வழிகாட்டியிடம் திரும்பிப் போனார்.

அந்த நடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நடை முடிந்ததும் எல்லாரும் வட்டமாக நின்று வலது காலை உள்ளே நீட்டுவார்கள். வழிகாட்டி மேலேயிருந்து ஒரு படம் எடுப்பார். முகம் கிடையாது, செருப்பும் ஷூவும் மட்டும்தான். நேற்று எடுத்த படத்தை யாரும் கேட்கவில்லை. முகமே இல்லாத படத்தில் போலீசுக்கு என்ன வேலை? அக்கா அதைக் கேட்டு வாங்கி மருந்துக்கடைக்காரரின் மனைவியிடம் நீட்டினார். உங்க வீட்டுக்காரர் கால் எது என்றார்.

அந்த அம்மாள் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு காலாகப் பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார். "அவர் ஷூவுல லேஸ் அறுந்துபோச்சுன்னு மருந்துப் பொட்டலம் கட்டுற நூலைக் கோத்திருந்தாரு. இதுல அது இல்லையே," என்றார். வழிகாட்டி போனை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றியது கண்ணுக்குத் தெரிந்தது.

அக்கா இன்ஸ்பெக்டரை அழைத்தார். டிரில் வாத்தியாரையும் வளைவின் கீழே வரச் சொன்னார். வாத்தியார் காலை இழுத்து இழுத்து வந்தார். இத்தனை நேரம் அதை மறைக்கத்தான் எழுந்திருக்காமல் இருந்திருக்கிறார் என்று தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது.

"தம்பி, இந்தப் படத்துல எத்தனை கால்னு எண்ணு," என்றார் அக்கா.

கண்டக்டருக்கு எண்ணுவது கைவந்த வேலை. "பதினெட்டு."

"நடைக்காரங்க பதினெட்டு. வால் ஒருத்தர். படம் எடுத்த அம்மாவை விட்டுட்டாக்கூடப் பத்தொன்பது கால் இருக்கணும். ஒண்ணு குறையுது. குறையறது நூல் கோத்த ஷூ." அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "இப்ப ஒவ்வொரு ஷூவா பாருங்க. மழையில ஆத்தங்கரையில நடந்த கால் எல்லாத்துலயும் கணுக்கால் வரைக்கும் களிமண். ஒரே ஒரு வெள்ளைக் கேன்வாஸ் ஷூ மட்டும் துவைச்சு வச்ச மாதிரி இருக்கு. அந்த ஷூ ஆத்தங்கரைக்கே போகலை. போயிருந்தா, கூட்டம் பாலத்துல ஏறலைங்கிறது அதுக்குத் தெரிஞ்சிருக்கும்."

எல்லாருடைய கண்ணும் டிரில் வாத்தியாரின் காலுக்குப் போனது. இன்றைக்கும் அதே வெள்ளை ஷூதான்.

வழிகாட்டி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாலத்துல போகலைன்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்லை. நீங்கதான் கூடவே வந்தீங்களே, எதுக்குச் சொல்லணும்னு நினைச்சேன்," என்றார். கேள்வியாகக்கூட அது வரவில்லை.

வாத்தியார் உடைந்துபோனார். ஆறு மாதமாக முழங்கால் போய்விட்டதாம். வைத்தியம் பார்த்தும் சரியாகவில்லை. தெரிந்தால் மனைவி தன்னை நிறுத்திவிடுவாள், ஊரையே ஓடவிட்ட ஆள் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று வெட்கப்பட்டு மறைத்திருக்கிறார். நேற்றுப் படிக்கட்டின் உச்சியில் நின்று பார்த்தார், எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்தார். பஸ் ஏறிக் கோட்டை வாசலுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பஸ்ஸில் யாராவது அடையாளம் கண்டு கேட்பார்களே என்று மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்தார். கூட்டம் வந்ததும் அவசரமாகக் கலந்துகொண்டார். ஜாக்கெட் பையிலேயே இருந்துவிட்டது.

"எண்ணிக்கை சரின்னு நீ சொன்னியே," என்றார் மனைவியிடம், கெஞ்சுவதுபோல. "அவரும் வந்து சேர்ந்துட்டாருன்னு நானும் நம்பித்தான் இருந்தேன்."

"அவங்க சரியாத்தான் எண்ணினாங்க," என்றார் அக்கா. "மஞ்சள் ஜாக்கெட்டை விட்டுட்டு எண்ணுறது அவங்களுக்குப் பத்து வருஷப் பழக்கம். நேத்து மஞ்சளே கண்ணுல படலை. தலைமூடி போட்டு நின்ன எல்லாரையும் எண்ணிட்டாங்க. பதினெட்டு வந்ததும் மனசு நிம்மதியாயிடுச்சு, அதுக்கு மேல தேடத் தோணலை. அந்தப் பதினெட்டாவது ஆள் நீங்கதான் வாத்தியாரே. ஜாக்கெட் உங்க உடம்புல இருந்திருந்தா நேத்து ஒன்பதரை மணிக்கே பதினேழுன்னு தெரிஞ்சிருக்கும்."

வாத்தியார் அதுவரைக்கும் தான் சொன்னது ஒரு சின்னப் பொய் என்றுதான் நினைத்திருந்தார்.

"அப்ப என் வீட்டுக்காரர் எங்கே?" என்றார் மருந்துக்கடைக்காரரின் மனைவி.

"சீட்டுல எழுதியிருக்கிற இடத்துல," என்றார் அக்கா. கல்லைப் படிக்கவும் என்று தாளில் இருக்கிறது. மற்றவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்திருப்பார்கள், அவர் அத்தனை வருடத்தையும் படித்திருப்பார். படிக்கட்டின் திருப்பத்துக்குக் கீழே நின்றதால் மேலேயிருந்து அவர் தெரியவில்லை. தலை நிமிர்ந்து பார்த்தால் முன்னால் கூட்டம் இல்லை, பின்னால் வால் இல்லை. மரப்பாலத்தில் சங்கிலி தொங்கினாலும் தாளில் பாலம் என்றுதான் இருக்கிறது. வழி தாளிலேயே இருக்கும்போது வழி தவறியதாக நினைத்திருக்க மாட்டார், தாண்டியிருப்பார். எதிர்க்கரையில் மாவு ஆலையின் குழி, அதில் வழுக்கி விழுந்திருப்பார். நேற்றிலிருந்து அந்தக் கரையில் ஒரு போலீஸ்காரர்கூடக் கால் வைக்கவில்லை, கூட்டம் அங்கே போகவே இல்லையே.

இன்ஸ்பெக்டர் அதற்குள் ஜீப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

கல்பாலம் வழியாக ஜீப் போகும் தூரம்வரை போனார்கள். மிச்சம் கால் மணி நேரச் சேற்று வழி. ஆலைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது கண்டக்டர் தம்பிதான். ஒன்றரை ஆள் ஆழக் குழி. தண்ணீர் விழுகிற இரைச்சலில் மேலே நின்று கத்தினாலே கேட்காது. அடியில் பாசிக் கல்லில் முதுகைச் சாய்த்து ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. வீங்கிய காலில் ஷூவைக் கழற்றாமல் நூலை மட்டும் அவிழ்த்து விட்டிருந்தார். தம்பி பின்னால் வருகிறவர்களைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார். மருந்துக்கடைக்காரரின் மனைவி அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதார்.

தீயணைப்பு ஆட்கள் ஏணியோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் பின்னால், எல்லாருக்கும் கடைசியாக, டிரில் வாத்தியார் வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு முழு வழியும் நடந்திருந்தார். பையிலிருந்த மஞ்சள் ஜாக்கெட்டை எப்போது எடுத்துப் போட்டாரோ தெரியாது. குழியின் விளிம்பில் முட்டி போட்டு எட்டிப் பார்த்தார்.

மருந்துக்கடைக்காரர் மஞ்சள் நிறத்தைப் பார்த்ததும் முகம் தெளிந்தார். குரல் கம்மிப்போயிருந்தது, ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

"வந்துட்டீங்களா. கடைசியா வர்றவர் கண்டிப்பா வருவாருன்னு தாள்ல போட்டிருந்துச்சு. அதான் நகராம இங்கேயே இருந்தேன். மத்தவங்க எல்லாரும் பத்திரமா போய்ச் சேர்ந்தாங்களா?"

வாத்தியார் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தார். அவருடைய மனைவி பக்கத்தில்தான் நின்றார், ஆனால் தொடவில்லை.

"பதினேழு பேர் சேர்ந்துட்டாங்க," என்றார் வாத்தியார். "நீங்கதான் பதினெட்டு."