ஒரு ஆளுக்கு ஒரு பதில்

காலையில் இடது குதிகாலில் இருந்த புண் சாயங்காலம் வலது குதிகாலில் இருந்தது.

தேங்காயெண்ணெயில் குழைத்த மஞ்சளை விரலில் எடுத்தபடி சந்திரிகா அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாவலடியில், பாதயாத்திரைக்காரர்கள் தங்கும் மரங்களுக்கடியில், வெளிச்சம் இன்னும் போகவில்லை. கடல் எங்கோ மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருந்தது. விறகுப் புகையும் யானைச் சாணத்தின் புளித்த வாடையும் கலந்து வந்தன. புண்ணிலிருந்து அவிழ்த்த கட்டு, அவளுடைய பழைய மஞ்சள் சேலையிலிருந்து கிழித்த துணிதான். குமுக்கன் ஆற்றங்கரையில் விடியற்காலையில் அவள் கையாலேயே கட்டிவிட்டது. அதே துணி, அதே முடிச்சு. கால் மட்டும் வேறு.

"இந்தக் கால்லயா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"இந்தக் கால்லதான் இருந்துச்சு" என்றான் அவள் கணவன் ராஜலிங்கம்.

அவள் மஞ்சளைத் தடவினாள். தோல் குளிர்ந்திருந்தது. ஆற்றில் நின்றுவிட்டு வந்த காலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எட்டு நாள் நடை, அரைவயிற்றுச் சாப்பாடு, வெயில். இடம் எது வலம் எது என்று மறந்துபோவது பெரிய விஷயமில்லை.

கண்டியிலிருந்து நாலு பேராகப் புறப்பட்டிருந்தார்கள். அம்பாறை பஸ்ஸில் ஏறி, திருக்கோவிலில் இறங்கி, அங்கிருந்து கரையோரமாகவே நடந்து உகந்தை, பிறகு காடு, காட்டுக்கு அந்தப் பக்கம் கதிர்காமம். முருகனின் வேலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறவர் கறுப்பையா, கலஹாப் பக்கத் தோட்டமொன்றில் காவல்காரராக இருந்து ஓய்வுபெற்றவர், இது அவருக்கு எட்டாவது தடவை. அடுத்தது ராஜலிங்கத்தின் அக்கா அழகம்மா, வாய் ஓயாதவள். பிறகு இவர்கள் இருவர்.

நேர்த்திக்கடன் மகளுக்காக. சுந்தரி ஐந்து வயது வரைக்கும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. காதில் குறையில்லை, தொண்டையில் குறையில்லை என்று டாக்டர்மார் சொன்னார்கள். பிள்ளையைப் பேசவை, நடந்தே வருகிறோம் என்று இருவரும் கற்பூரத்தின் மேல் சத்தியம் பண்ணினார்கள். போன தைமாதம் ஒருநாள், கலஹா பஸ்ஸில் கொண்டக்டராக இருக்கும் அப்பா வேலைக்குப் புறப்படும்போது, பிள்ளை வாசலில் நின்று "கலஹா, கலஹா, கலஹா!" என்று கத்தியது. அவன் படியிலேயே உட்கார்ந்து அழுதான். அன்றிலிருந்து பிள்ளையின் வாய் மூடவில்லை. இப்போது அவளைச் சந்திரிகாவின் தங்கச்சி புஷ்பத்தின் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

யாத்திரையில் யாருக்கும் பெயர் கிடையாது. எல்லோரும் சாமி. புருஷனும் சாமி, நாத்தனாரும் சாமி. பேச்சும் அதிகம் கிடையாது. ஒருவர் அரோகரா என்பார், மற்றவர் அரோகரா என்பார். உகந்தையில் காட்டுக்குள் இறங்கும் முன் கறுப்பையா ஒன்றைச் சொல்லியிருந்தார்.

"பின்னுக்குத் தங்கிட்டா அரோகரா போடுங்க சாமி. வேல் தூக்குறவன் பதில் போடுவேன், சத்தத்தப் புடிச்சிக்கிட்டு வந்து சேருங்க. மத்தவங்க யாரும் பதில் போடாதீங்க. யாரு இல்லன்னு பாத்துட்டுத்தான் நான் போடுவேன். ஒரு ஆளுக்கு ஒரு பதில். அதுக்கு மேல கெடையாது."

"ரெண்டு போட்டா என்ன சாமி, அபராதமா?" என்று அழகம்மா சிரித்தாள்.

கறுப்பையா சிரிக்கவில்லை.

நாவலடிக்கு வந்து சேர்ந்த அன்று நண்பகலில்தான் அது நடந்தது. பாதை கடலைத் தொட்டுப் போகிற ஓரிடத்தில் இளைப்பாறினார்கள். போத்தலில் தண்ணீர் நிரப்பி வர ராஜலிங்கம் காட்டுப்பக்கமிருந்த குளத்துக்குப் போனான். போனவன் வர நேரமானது. கரடி உலாவும் காடு. சந்திரிகா காட்டுப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது குரல் கேட்டது. "அரோகரா!" கறுப்பையா எழுந்து, கண்ணைச் சுருக்கி, வாயைத் திறக்காமல் நின்றார். அவர் ஏன் தாமதிக்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. புருஷனின் குரல் பெண்டாட்டிக்குத் தெரியாதா. "அரோகரா!" என்று அவளே பதில் போட்டுவிட்டாள்.

மணல்மேட்டின் மேலே ராஜலிங்கம் தோன்றி இறங்கி வந்தான். போத்தல் நிறையத் தண்ணீர்.

கறுப்பையா அவனைப் பார்க்கவில்லை. அவன் இறங்கி வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கடல் பக்கம். குளம் இருந்தது அதற்கு நேர் எதிரே.

"சுத்திக்கிட்டு வந்தீங்களா சாமி?"

"சுத்திக்கிட்டு வந்தேன் சாமி."

இப்போது, புண்ணுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தபோது, அந்தப் பதில் அவளுக்கு மறுபடி ஞாபகம் வந்தது. கேட்டதைத்தான் சொன்னான். இப்போதும் கேட்டதைத்தான் சொன்னான்.

மறுநாள் முழுவதும் அவள் அவனுக்குப் பின்னால் நடந்தாள். அவனாக எதையும் சொல்லவில்லை. குரங்கைக் காட்டவில்லை, கால் வலிக்கிறது என்று முனகவில்லை. பஸ்ஸின் மிதிபலகையில் நின்று நாள் முழுக்கக் கத்திப் பழகியவன், தூக்கத்தில்கூட "முன்னுக்குப் போங்க, முன்னுக்கு" என்று உளறுகிறவன். அரோகரா என்றால் அரோகரா என்றான். சாமி என்றால் சாமி என்றான். யாத்திரையில் அதற்குமேல் யார் யாரிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

வியாழை என்ற அடுத்த தங்குமிடத்தில் அழகம்மா அவனைச் சீண்டினாள். "என்னடா தம்பி சாமி, நாக்கக் காட்டுக்குள்ள விட்டுட்டு வந்தியா?"

"நாக்கக் காட்டுக்குள்ள விட்டுட்டு வந்தேன்" என்றான் அவன். அழகம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். அவள் சிரித்த அளவுக்கு. அவள் நிறுத்தியதும் நிறுத்தினான்.

அன்று சாயங்காலம் அழகம்மாவின் தொண்டை கட்டிக்கொண்டது. கத்திக் கத்தி எல்லோருக்கும் கட்டுவதுதான் என்று கறுப்பையா மிளகு கொடுத்தார்.

வள்ளியம்மன் ஆற்றைக் கடந்து ஈரத்துணியோடு நின்றபோது, பின்னாலிருந்து அது வந்தது. மிகத் தூரம். காட்டுக்குள்ளிருந்து. பாதிக்குமேல் காற்றாகிவிட்ட, காய்ந்த குரல்.

"அரோக... ரா."

கடைசி எழுத்தில் ஒரு இருமல். பீடி குடித்த நெஞ்சின் இருமல். பத்து வருடமாக அவள் பக்கத்துத் தலையணையில் கேட்ட இருமல்.

கறுப்பையா விரலால் எண்ணினார். "நாலு பேரும் இருக்கோம். வேற கூட்டமா இருக்கும். நடங்க சாமி."

"அவங்களுக்குப் பதில் போடக்கூடாதுங்களா?" என்று சந்திரிகா கேட்டாள்.

"நம்ம கணக்கு நெறஞ்சிருக்கு." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு பதில நீங்க ஏற்கெனவே போட்டுட்டீங்க."

ராஜலிங்கம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொறுமையாக. குரல் மறுபடியும் வந்தது, முன்னைவிட மெல்லியதாக. அவள் பதில் போடவில்லை. திரும்பி நடந்தாள். பக்கத்தில் நிற்கிற புருஷனை விட்டுவிட்டு எந்தக் காட்டுக்குள் போய் யாரைத் தேடுவது? இப்படித்தான் அன்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பிறகும் பல நாள் சொல்லிக்கொண்டாள்.

கதிர்காமம் போய்க் கண்டிக்குத் திரும்பினார்கள். மஹியாவையில் அவர்களுடைய வீடு, பாதையிலிருந்து முப்பது படி கீழே இருந்தது. ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, பின்னால் ஒரு குளியலறை, முன்னால் ஒரு கதவு. புஷ்பம் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். சுந்தரி ஓடிவந்து "அப்பா!" என்று அவன் காலைக் கட்டிக்கொண்டது. "அப்பா" என்றான் அவன்.

நாள்கள் போயின. வேலைக்குப் போனான், வந்தான். ஒருநாள் பஸ் டிரைவர் ஜவாஹிர் கடைத்தெருவில் அவளை மறித்தார்.

"தங்கச்சி, ஒங்கட மாப்புளைக்கு என்ன நடந்த? வாயத் தொறக்கிறாரே இல்ல. பேராதெனியவான்னு ஆள் கேட்டா பேராதெனியங்கிறார். பஸ்ஸுல ரெண்டு தட்டுத் தட்டுவாரே, போலாம்னு? அதக்கூட மறந்துட்டார். ஹோர்ன் அடிச்சு நான்தான் ஞாபகப்படுத்துற."

ராஜலிங்கம் வீட்டுக் கதவையும் அப்படித்தான் தட்டுவான். உள்ளங்கையால், படக் படக் என்று, இரண்டு. யாத்திரைக்குப் பிறகு அவன் கதவைத் தட்டியதில்லை. அவள் திறக்கும்வரை வெளியே நிற்பான். எவ்வளவு நேரம் நின்றான் என்பது அவளுக்குத் தெரியாது.

புண் ஆறவில்லை. காயவுமில்லை, சீழ் வைக்கவுமில்லை. அன்று பார்த்தபடியே வலது குதிகாலில் இருந்தது.

அழகம்மாவின் குரல் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டியும் பயனில்லை, கடதாசியில் எழுதித்தான் பேசுகிறாள் என்று புஷ்பம் சொன்னாள். சொல்லி முடித்த அன்று பின்னேரம், குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே சந்திரிகா ஒரு சிரிப்பைக் கேட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற பெண்ணின் சிரிப்பு. உள்ளே குளித்துக்கொண்டிருந்தது அவன்.

அதற்குப் பிறகு அவனிடம் பேசுவதை அவள் விட்டுவிட்டாள். சோற்றை வைத்துவிட்டு நகர்ந்தாள். அவனும் பேசவில்லை. அவளுக்கு அது பாதுகாப்பாக இருந்தது. ஆனால் பிள்ளையின் வாயை எப்படிக் கட்டுவது? ஐந்து வருடம் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிற வாய். "அப்பாகிட்ட நொய்நொய்னு பேசாதடி" என்று அதட்டினாள். "அப்பாதான் நான் சொல்றதையெல்லாம் கேக்குறாங்க" என்றது பிள்ளை. ஆகஸ்டு பிறந்தபோது பிள்ளையின் குரல் காலையில் கரகரத்தது. பனி என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மறுநாளே பிள்ளையைக் கலஹாவில் புஷ்பத்தின் வீட்டில் கொண்டுபோய் விடுவதென்று சந்திரிகா முடிவு செய்து துணிகளைப் பையில் அடுக்கினாள்.

அன்று பெரஹெர ஊர்வலத்துக்காக நகரத்துப் பாதைகளை மூடிவிட்டார்கள். பஸ் இல்லை. அவன் நேரத்தோடு வந்து கதிரையில் உட்கார்ந்தான். மழைத்தூறல். மேளச்சத்தம் மலையில் மோதி மோதி வந்தது. சந்திரிகா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பிள்ளை அவன் மடியில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

படியில் காலடி கேட்டது. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுபட்டு. ஊன்றி, இழுபட்டு. முப்பது படியும்.

பிறகு கதவில் உள்ளங்கை.

படக். படக்.

தேங்காய் கையிலிருந்து விழுந்தது. அவள் முன்னறைக்கு வந்து, மண்டியிட்டு, கதவுக்கடியில் பார்த்தாள். இரண்டு பாதங்கள். நகங்கள் இல்லை. சேறும் வெடிப்பும். இடது குதிகாலில் ஒரு துணி. நிறம் போன துணி. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள்.

"யாரு?" என்றாள்.

வெளியே மூச்சு மட்டும் கேட்டது. சொல்ல முயன்று முயன்று தோற்கிற மூச்சு.

பதில் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"சந்திரிகா, நாந்தான் புள்ள. நடந்தே வந்துட்டேன். கதவத் தொற."

கதிரையில் இருந்தவன் சொன்னான். யாரும் சொல்லிக்கொடுக்காத சொற்கள். கடைசியில் ஒரு இருமல். அவன் முகத்தில் எதுவுமில்லை. வாய் மட்டும் அசைந்தது. வெளியே நின்ற பாதங்கள் நடுங்கின.

படக். படக்.

அவள் கை தாழ்ப்பாளில் இருந்தது.

"அப்பா, யாருகிட்ட பேசுறீங்க?" என்று சுந்தரி அவன் தாடையைப் பிடித்துக் கேட்டது.

"அப்பா, யாருகிட்ட பேசுறீங்க?" என்றான் அவன்.

பிள்ளையின் குரலில்.

பிள்ளை சிரிக்க வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. தொண்டையைத் தொட்டுப் பார்த்தது. மறுபடி வாயைத் திறந்தது. தாயைப் பார்த்து, கண் விரிய, உதடு கூட்டிப் பிரித்து.

"அம்மா."

அவன் வாயிலிருந்து வந்தது.

"அம்மா. அம்மா."

பிள்ளை மடியில் துடித்தது. அவன் கைகள் அதை அணைத்திருந்தன. சுந்தரியின் குரலில், அழுகையும் செல்லமும் சேர்த்து, அவன் அவளைக் கூப்பிட்டான். கூப்பிட்டுவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அவள் பதிலுக்காகக் காத்திருந்தான்.